ராத்திரி யார் எழுந்திருப்பது? டிமென்ஷியா உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே நின்றிருந்தார். மணி இரண்டேமுக்கால். "வீட்டுக்குப் போகணும்ப்பா, நேரமாச்சு" என்றார். நாற்பது வருடமாக அவர் குடியிருக்கிற வீடு அது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் நான், அக்கா, தம்பி மூவரும் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தோம். காலையில் யார், மதியம் யார், மாத்திரை யார் பொறுப்பு, செலவை எப்படிப் பிரிப்பது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் கட்டம் கட்டி எழுதி, ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டோம். அந்தத் தாளில் இரண்டேமுக்காலுக்குக் கட்டம் இல்லை.

எட்டு வருடம் ஆகிறது. வீட்டுப் பராமரிப்பில் இருக்கிற வழிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒருமுறையாவது பார்த்துவிட்டோம். தெரிந்தவர்கள் போன் செய்து, "நாமே பார்க்கலாமா, ஆள் போடலாமா, ஹோமில் விடலாமா" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? யார் பார்ப்பது என்று பேசத் தொடங்கினால் பேச்சு பாசத்துக்கும் பழிக்கும்தான் போகும். எந்த மணிக்கு ஆள் தேவை என்று தொடங்கினால் வழி தானாகப் பிரிந்து தெரியும்.

ஒப்பிடுவதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம். டிமென்ஷியா ஒரே நோயின் பெயர் இல்லை, மூளையைத் தேய்க்கிற பல நோய்களுக்கான பொதுப் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அதில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர். பெரும்பாலும் மறதியில் தொடங்கி மெல்ல மெல்ல இறங்குவது இது. மூளையின் ரத்தக்குழாய்க் கோளாறால் வருவது பலருக்குப் படிக்கட்டு மாதிரி: சில மாதம் அப்படியே இருக்கும், திடீரென்று ஒரு படி கீழே போகும். லூயி பாடி என்று இன்னொரு வகை, அதில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். தூக்கத்தில் கைகாலை வீசுவதும் அடிக்கடி விழுவதும் உண்டு. மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டையும் தாக்குகிற ஃப்ரன்டோடெம்போரல் வகை பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் தலைகாட்டும். அதில் மறதியைவிடக் குணமாற்றம் முன்னால் நிற்கும், உடம்பில் பலம் குறைந்திருக்காது. சுவரைத் தள்ளுகிற பலத்தோடு இருக்கும் ஐம்பத்தெட்டு வயது ஆணுக்கும், மெலிந்துபோன எண்பது வயதுப் பாட்டிக்கும் ஒரே ஏற்பாடு சரிவராது. ரிப்போர்ட்டில் வெறுமனே டிமென்ஷியா என்று மட்டும் இருந்தால், எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காலக்கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 65 வயதுக்கு மேல் அல்சைமர் என்று கண்டறியப்பட்டவர்கள் அதன்பின் சராசரியாக நான்கிலிருந்து எட்டு வருடம் வாழ்கிறார்கள், சிலர் இருபது வருடம்வரைகூட. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று போடுகிற திட்டம் ஏழாவது மாதம் உடையும். எங்களுடையது நாலாவது மாதமே உடைந்தது.

ஆகவே எந்த முடிவும் எடுக்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்கள். எப்போது தூங்கினார், எப்போது விழித்தார், எத்தனை முறை கழிப்பறை, எப்போது கோபம், எப்போது அழுகை, எந்த நேரத்தில் அமைதி. நாள் முழுவதும் அம்மா பாடாய்ப் படுத்துகிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நோட்டில் பார்த்தால் சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு, ராத்திரி இரண்டிலிருந்து நாலு. அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் துணிமணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். பொழுது சாயும்போது பரபரப்பு கூடுவது இந்த நோயில் அடிக்கடி காணப்படுவது. எங்கள் பிரச்சினை இருபத்துநாலு மணி நேரப் பிரச்சினை இல்லை, நாலரை மணி நேரப் பிரச்சினை என்று தெரிந்ததே பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

வீட்டில் ஒருவர் முழுப்பொறுப்பு எடுப்பது

நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பார்த்தது என் மனைவி. நான் மாத்திரை வாங்கினேன், டாக்டரிடம் பேசினேன், ஊரார் கேட்டால் பதில் சொன்னேன். டிமென்ஷியா பராமரிப்பில் செலவாகும் நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்களே தருகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டு ஆட்கள் 2019-இல் சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் இதற்குச் செலவிட்டதாகவும் அதன் கணக்கு. இந்தப் புள்ளிவிவரத்தை ஒரு மருத்துவமனைச் சுவரில் படித்தபோது பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள்.

இந்த வழியின் பலம் பெரிது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பழகிய குரல், பழகிய கை. அம்மா "அது எங்கே" என்றால் எது என்று தெரிந்த ஆள். ஆரம்ப நிலையில் இதற்கு ஈடாக எந்தச் சம்பள ஆளும் இல்லை. அந்த நிலையில் தேவைப்படுவதும் காவல்தான்: அடுப்பு அணைந்ததா, மாத்திரை போட்டாரா, தெரியாத எண்ணிலிருந்து பேசியவருக்கு வங்கி விவரம் சொல்லிவிட்டாரா.

பலவீனம் தூக்கத்தில் இருக்கிறது. பகலில் பார்த்த அதே ஆள் ராத்திரியும் எழுந்தால், மூன்று மாதத்தில் அவரே நோயாளி ஆகிவிடுவார். பார்ப்பவரின் சுமையை அளக்க ஸேரிட் என்பவர் உருவாக்கிய 22 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு மதிப்பெண், மொத்தம் 88. டாக்டரிடம் கேட்டால் தருவார். பார்த்துக்கொள்கிறவர் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும், பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. என் மனைவியின் தாளைப் பார்த்த பிறகுதான் ஆள் போடுவது பற்றி வீட்டில் பேச்சே வந்தது.

குடும்பமே பார்க்கிற வழி தோற்றே தீரும் என்று நான் சொல்லவில்லை. நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர், அல்சைமர் உள்ள தங்கள் கணவரையோ மனைவியையோ பார்த்துக்கொண்ட 406 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தனியாகவும் குடும்பத்தோடு சேர்த்தும் ஆலோசனை, ஆதரவுக் குழு, வேண்டும்போது போனில் பேச ஆள் என்று ஏற்பாடு செய்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் வீட்டில் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பும் நாள் சுமார் 557 நாள் தள்ளிப்போனது. ஒன்றரை வருடம்! புது மருந்து எதுவும் இல்லை. பார்த்துக்கொள்பவருக்குப் பேச ஆள் இருந்தது, மற்ற சொந்தங்கள் பேச்சில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

முறை போட்டுக்கொள்வது

மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் ஒரு வீடு என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கும். பிள்ளைகளுக்கு நியாயம்தான். அம்மாவுக்கு மாதாமாதம் கழிப்பறை இடம் மாறும்.

புதிதாக ஒன்றைப் பதிய வைக்கும் திறன்தான் அல்சைமரில் முதலில் போகிறவற்றில் ஒன்று. ஆனால் கைகாலுக்குப் பழகின பாதை நெடுநாள் தங்கும். இருட்டில்கூட எங்கள் வீட்டில் அம்மா நேராகக் கழிப்பறைக்குப் போய்விடுவார். அக்கா வீட்டுக்குப் போன முதல் வாரமே அலமாரியைத் திறந்து உட்காரப் பார்த்தார். படுக்கையில் சிறுநீர் போகிறது, நோய் முற்றிவிட்டது என்று அக்கா அழுதாள். திரும்பி வந்த மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. முற்றியது நோய் இல்லை, இடம் மாறியிருந்தது.

இதில் என் அபிப்பிராயம் கறாரானது: பார்ப்பவர்கள் முறை போட்டுக்கொள்ளுங்கள், பார்க்கப்படுபவர் ஒரே இடத்தில் இருக்கட்டும். அக்கா மாதம் ஒரு வாரம் இங்கே வந்து தங்கினாள், நாங்கள் இருவரும் அந்த வாரம் அவள் வீட்டில் போய்த் தூங்கினோம். ஆம், தூங்கத்தான் போனோம். தூரத்தில் இருக்கிற தம்பிக்கு, உடம்பால் செய்ய முடியாத வேலைகளைக் கொடுத்தோம்: காப்பீட்டுத் தாள், மருந்து ஆர்டர், ஏஜென்சிக்காரரோடு சண்டை. கடைசியாகச் சொன்னதில் அவன் கெட்டிக்காரன்.

ஆள் போடுவது

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் பணத்தை இழக்கின்றன, மனத்தையும் இழக்கின்றன. எனவே இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதல் தவறு, நர்ஸ் கேட்பது. சீருடை போட்ட ஆள் வந்தால் நமக்கு ஒரு தைரியம். கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்), புண்ணுக்குக் கட்டு, ஊசி, மூக்கு வழிக் குழாய், இவற்றுக்கு நர்ஸ் வேண்டும். அது தவிர, டிமென்ஷியாவின் பெரும்பகுதி வேலை குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, சாப்பிட வைப்பது, கூட நடப்பது, ஒரே கேள்விக்கு முப்பதாவது முறை முதல்முறை மாதிரி பதில் சொல்வது. அதற்குப் பொறுமையான உதவியாளர் போதும். குழாயைப் பற்றி இன்னொன்று: நோய் முற்றிய நிலையில் உணவூட்டும் குழாய் பொருத்துவதை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைப்பதில்லை, கையால் நிதானமாக ஊட்டுவதையே சொல்கிறது. குழாய் வேண்டும் என்று யாராவது சொன்னால், அதனால் என்ன பயன் என்று தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாவது தவறு, எந்த நேரத்துக்கு ஆள் என்பதில். முக்கால்வாசிப் பேர் காலை மூன்று மணி நேரத்துக்கு ஆள் போடுகிறார்கள், குளிப்பாட்டுவதற்காக. குளியல்தான் வீட்டில் பெரிய போர்க்களம் என்பது உண்மை. அதற்கு ஆள் போடுவதைவிட, குளியலைக் குறைப்பது மலிவு. வாரம் இரண்டு முறை போதும். மற்ற நாளில் வெதுவெதுப்பான ஈரத்துண்டால், உடம்பைப் போர்வைக்குள் வைத்தபடியே ஒவ்வொரு பாகமாகத் துடைத்துவிட்டால் சுத்தமாகவே இருப்பார்கள், சண்டையும் இருக்காது. காலையில் கொடுக்கிற சம்பளத்தை நோட்டில் சிவப்பாக இருக்கிற மணிக்கு மாற்றுங்கள். நாங்கள் முதலில் சாயங்காலம் நாலிலிருந்து எட்டுவரை ஒருவரை வைத்தோம். மனைவிக்கு அந்த நாலு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே போகக் கட்டாய விடுமுறை. முதல் வாரம் அவள் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள்.

மூன்றாவது, கணக்கே போடாமல் செய்கிற தவறு: 24 மணி நேரமும் வீட்டோடு ஒரே ஆள். விலை குறைவு என்று தோன்றும். ஆனால் அந்த ஆளும் தூங்க வேண்டும். அம்மா ராத்திரி நாலு தடவை எழுகிறார் என்றால், பகல் முழுக்க வேலை செய்த அந்தப் பெண்ணும் நாலு தடவை எழுகிறாள். ஒரு மாதம் தாங்குவாள். அடுத்த மாதம் அசந்து தூங்குவாள், அம்மா விழுவார். அல்லது ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கிளம்புவாள். நமக்குக் கோபம் வரும், ஆனால் என் மனைவி உடைந்த அதே இடத்தில்தான் அவளும் உடைந்தாள். வீட்டோடு ஆள் என்பது ராத்திரி ஒருமுறைக்கு மேல் விழிக்காதவர்களுக்கு மட்டும் பொருந்தும். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டு, அல்லது பகலில் குடும்பம், ராத்திரிக்கு மட்டும் ஆள். எங்களுக்கு நின்றது கடைசி வழி: வாரம் நாலு ராத்திரி ஆள், மூன்று ராத்திரி நானும் மனைவியும் மாற்றி மாற்றி. செலவைக் கூட்டிப் பார்த்தால் வீட்டோடு ஆள் வைத்ததைவிட அதிகமாகவும் ஆகவில்லை, ஏனென்றால் ஆள் மாறவில்லை.

ஏஜென்சியா, நேரடியாகவா? ஏஜென்சியில் ஆள் வராவிட்டால் மாற்று ஆள் அனுப்புவார்கள். ஆவணச் சரிபார்ப்பு அவர்கள் பொறுப்பு. சாதாரண நோயாளிக்கு இது பெரிய வசதி. டிமென்ஷியாவில் மாற்று ஆள் என்பதே தொந்தரவு. அம்மாவுக்குத் தினமும் ஓர் அந்நியர் வந்து உடையைக் கழற்றச் சொல்கிறார் என்றுதான் படும். எங்களுக்கு வந்த ஒரு ஏஜென்சி ஒரே மாதத்தில் ஐந்து பேரை மாற்றியது. கேட்டால், எல்லோருமே பயிற்சி பெற்றவர்கள் என்றார்கள். பயிற்சி இருக்கலாம், அம்மாவின் இடதுகாது கேட்காது என்பது ஐந்து பேருக்கும் தெரியாது. நேரடியாக வைக்கிற ஆள் நிலைத்தால் தங்கம். நிலைக்க வைக்கும் பொறுப்பு நம்முடையது: வாராந்திர விடுப்பு, தனியாகப் படுக்க இடம், எழுதிக் கொடுத்த வேலைப் பட்டியல், சொன்ன தேதியில் சம்பளம். துணி துவைப்பதையும் வீடு கூட்டுவதையும் நைசாகச் சேர்த்துவிடாமல் இருப்பது. ஏஜென்சி வழியே என்றால் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: எங்கள் வீட்டுக்கு என்று இரண்டு பேரை மட்டும் ஒதுக்குவீர்களா?

ஆளைத் தேர்ந்தெடுக்க நாங்கள் கடைசியில் கண்டுபிடித்தது ஒரே ஒரு கேள்வி. "அப்பா எங்கேன்னு அம்மா கேட்டா என்ன சொல்வீங்க?" அப்பா இறந்து பதினொரு வருடம். ஒருவர், "இறந்துட்டாருன்னு உண்மையைச் சொல்லணும்ல" என்றார். அப்படிச் சொன்னால் அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாக விதவை ஆவார். இன்னொருவர், "டவுனுக்குப் போயிருக்கார்னு சொல்லிச் சமாளிச்சிருவேன்" என்றார். பரவாயில்லை. மூன்றாவதாக வந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பா எப்படி இருப்பாரு, உயரமான்னு கேப்பேன்" என்றார். அவரை வைத்துக்கொண்டோம். சான்றிதழை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

அம்மா ஆளை ஏற்றுக்கொள்வாரா என்பது வேறு சிக்கல். "எனக்கெதுக்கு ஆள், எனக்கென்ன கேடு" என்பார்கள். உனக்கு உடம்பு சரியில்லை என்று வாதாடிப் பயன் இல்லை. தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவதும் நோயின் ஒரு பகுதி. வீம்பு என்று நினைத்தால் தப்பு. என் மனைவிக்கு முதுகுவலி, அவளுக்கு உதவிக்கு வந்த பெண் என்றுதான் சொன்னோம். முதல் பத்து நாள் அம்மாவைத் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தார். பதினோராம் நாள் அம்மாவே, "நீ நல்லா மடிக்கலை, இங்க கொடு" என்றார்.

கேமரா பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கூடத்திலும் படுக்கையறையிலும் வைத்துக்கொள்ளலாம், ஆளிடம் சொல்லிவிட்டு. குளியலறையில் கூடவே கூடாது. ஆனால் கேமரா விழுவதைக் காட்டும், தூக்கிவிடாது. காரணம் புரியாத காயம், ஒரு குறிப்பிட்ட ஆள் அருகே வந்தால் உடம்பு சுருங்குவது, இவற்றைக் கேமராவைவிட, முன்னறிவிப்பில்லாமல் பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருகிற அக்கா நன்றாகக் கண்டுபிடிப்பாள்.

அடுத்து என்ன உதவி தேவைப்படும் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். அல்சைமரின் நிலைகளை பாரி ரைஸ்பர்க் என்ற மருத்துவர் ஏழாக வகுத்தார். அதில் ஆறாவது நிலைக்குள் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் உடுத்துவதற்கு உதவி, பிறகு குளிக்க, பிறகு கழிப்பறைக் காரியத்துக்கு, அதன்பின் சிறுநீர்க் கட்டுப்பாடு போகும், கடைசியில் மலம். குழந்தை கற்றுக்கொண்ட வரிசைக்கு நேர் எதிர்த்திசை. அம்மா ரவிக்கையைத் தலைகீழாகப் போடத் தொடங்கியபோதே அடுத்த வருடத்துக்கான ஆளைத் தேட ஆரம்பித்திருக்க வேண்டும். நாங்கள் டயப்பர் வாங்குகிற அன்றைக்குத்தான் ஆரம்பித்தோம்.

பகல் மையம்

இதை வீட்டுப் பராமரிப்புக்குப் போட்டியாக நினைக்கிறார்கள். முட்டுக்கொடுக்கிற தூண் என்று நினைப்பது சரி. காலையில் விட்டு மாலையில் கூட்டிவருவது. பாட்டு, நடை, கைவேலை, நாலு பேர் முகம். வீட்டில் பகலெல்லாம் நாற்காலியில் கண்ணயர்ந்தவர் அங்கே விழித்திருப்பார், ராத்திரி தூங்குவார். பகல் மையத்தில் நான் வாங்கியது பகலை அல்ல, ராத்திரியை. ஆரம்ப, நடு நிலைகளுக்கு, வாரம் இரண்டு மூன்று நாள் போதும். முதல் இரண்டு வாரம் வரமாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்வார்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். பயணமே கலவரமாகிற நாள் வரும்போது நிறுத்திவிடலாம். பக்கத்தில் நல்ல மையம் இருந்தால் ஆள் போடுவதற்கு முன் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வீட்டில் செய்யும் மாற்றங்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு, தரையில் விரிப்பு வேண்டாம், கழிப்பறைக் கதவில் பெரிய படம், அடுப்புக்கு மூடுகிற வால்வு, சட்டையில் தைத்த போன் எண். கண்ணாடியில் யாரோ நிற்பதாகப் பயந்தால் கண்ணாடிக்குத் திரை.

ஏற்பாட்டை மாற்றுவதற்கு முன்

திடீரென்று இரண்டு நாளில் நிலைமை தலைகீழானால், அது பெரும்பாலும் டிமென்ஷியா முற்றியதால் அல்ல. அல்சைமர் இரண்டு நாளில் முற்றாது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் நீர் வற்றுவது, வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் ஒன்று மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். அம்மா ஒரு வாரம் எல்லோரையும் அடித்தார். ஆளை மாற்ற வேண்டும் என்று முடிவே செய்துவிட்டோம். காரணம் மலச்சிக்கல். சொல்லத் தெரியாத வலி கையில் வந்து நின்றிருக்கிறது. பேச முடியாதவரின் வலியைக் கணிக்க மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தைப் பார்க்கச் சொல்வார்கள். பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

"தூங்க ஒரு மாத்திரை குடுங்க டாக்டர்" என்று நானும் கேட்டிருக்கிறேன். பரபரப்பை அடக்கக் கொடுக்கிற மனநோய் மருந்துகளில் (ஆன்டிசைக்காடிக்) புதிய தலைமுறையைச் சேர்ந்தவற்றை டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குக் கொடுத்த 17 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் அவற்றின் மீது தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. பொதுவாகப் பத்து வாரம் நடந்த அந்த ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் சுமார் 4.5 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம். லூயி பாடி வகைக்கு மனநோய் மருந்துகளில் சில, குறிப்பாகப் பழைய தலைமுறை ஹாலோபெரிடால், உயிருக்கே ஆபத்தான விறைப்பைக் கொண்டுவரும். சில நேரம் மருந்து தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி ஆள் போடக் காசில்லாததால் மாத்திரை என்று ஆகக் கூடாது. டாக்டர் எழுதினால், எத்தனை வாரம், எப்போது நிறுத்திப் பார்ப்போம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இல்லத்தில் விடுவது

வீட்டுப் பராமரிப்பைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்றால், இந்த வழியை மேசையில் வைக்காமல் மற்றவற்றை ஒப்பிட முடியாது. "உன்னை எங்கேயும் விடமாட்டேம்மா" என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கைக் கொடுத்தபோது தூக்க இரண்டு பேர் தேவைப்படும் உடம்பையோ, அடிபட்ட பேரக்குழந்தையையோ, பார்த்துக்கொள்கிறவருக்கே மாரடைப்பு வருவதையோ யாரும் நினைத்திருக்க மாட்டோம். இந்த மூன்றில் ஒன்று நடந்தால், அல்லது ராத்திரி ஆளும் பகல் மையமும் போட்ட பிறகும் வீட்டில் யாரும் தூங்கவில்லை என்றால், இல்லத்தைப் போய்ப் பாருங்கள். பார்ப்பதால் விட்டுவிட்டதாக ஆகாது. எல்லா இல்லங்களும் நீள வராந்தாவும் இரும்புக் கட்டிலும் இல்லை. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் திறந்த ஹோகவேக், சின்னச் சின்ன வீடுகளும் தெருவும் கடையுமாக ஒரு கிராமம் மாதிரியே இயங்குகிறது. அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் டிமென்ஷியா உள்ளவர்கள். அதே தரத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது, ஆனால் போய்ப் பார்க்கும் இல்லத்தில் என்ன கேட்பது என்பதற்கு அது ஒரு அளவுகோல். முக்கியமாக: ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு ஆள்? பகல் கணக்கைச் சொல்லிச் சமாளிப்பார்கள், விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கட்டம் வரவில்லை. வந்திருந்தால் விட்டிருப்பேன்.

இப்போது அம்மா படுக்கையில் இருக்கிறார். பேச்சு ஐந்தாறு சொல்லுக்குள் வந்துவிட்டது. வாசல் கதவருகே யாரும் நிற்பதில்லை என்பதால் ராத்திரி ஆளை நிறுத்திவிட்டு, குளிப்பாட்டவும் ஊட்டவும் பகலில் ஒருவரை வைத்தோம். நோட்டு போட்டபோது காலையை அவ்வளவு கேலி செய்த நானே இப்போது காலைக்குச் சம்பளம் கொடுக்கிறேன். ஆனால் ராத்திரி வேறு வேஷத்தில் திரும்பி வந்தது: படுக்கைப்புண் வராமல் இருக்கப் புரட்டிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பழைய ஆஸ்பத்திரி வழக்கம். காற்று மெத்தை போட்டபின், தோலைப் பார்த்துவிட்டு, டாக்டர் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டித் தந்தார். பதினொரு மணிக்கு, இரண்டேமுக்காலுக்கு, ஆறரைக்கு. இரண்டேமுக்கால் அலாரம் என் போனில் இருக்கிறது. மனைவி பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்.